மகள் படிக்கப் போகும் 'நனோ' என்றால் என்ன?



சென்ற மாதம் எமது பன்பாய் பின்னும் குழுவின் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்து போன பின்னரும் ஒரு சகோதரி மட்டும் விறாந்தையை விட்டு எழும்பவில்லை. 2006 ஆம் ஆண்டு வயலுக்குப் போன கணவர் திரும்பி வராத வீடு அவருடையது. அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இன்று பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கிறாள். பாய் பின்னியும் இடியப்பம் அவித்து விற்றும் நகையை ஈடு வைத்தும் அந்தப் பிள்ளையை அதுவரை கொண்டுவந்திருக்கிறார். அன்று அவருடைய கையில் மகள் கொடுத்துவிட்ட ஒரு படிவம் இருந்தது.

"மிஸ், மூணு வருசத்தில முடிச்சா பட்டம் கையில. இவ நாலாம் வருசமும் படிக்கணும் எண்டு நிக்கிறா. என்னத்துக்கு எண்டு கேட்டா நனோ எண்டுறா. அந்த நனோவ நாங்க கண்டதுதானே, வயலுக்கு ஊத்தச் சொல்லித் தந்தாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2021 இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்திய பிறகு, அந்த வருடம் ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து 'நனோ நைதரசன்' என்ற பெயரில் திரவ உரம் கொண்டுவரப்பட்டது. எமது பக்கத்து வயற்காரக் குடும்பங்கள் பல அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். அந்தப் பெரும்போகம் எப்படிப் போனது என்பதை அம்பாறை மாவட்டத்துப் பெண்களுக்கு நான் எழுதிக்காட்டத் தேவையில்லை. ஒரு சொல் கெட்ட காலத்தில் ஊருக்குள் வந்தால் கெட்ட பெயரோடுதான் நிற்கும்.

நான் சமூகவியல் படித்தவள். இரசாயனவியலைச் சாதாரண தரத்தோடு விட்டவள். ஆகவே அந்தத் தாய்க்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகளும் பின்னேரத்தில் அவர்களுடைய வீட்டுக்குப் போய் மகளிடமே கேட்டுப் படித்தேன். உம்மா பக்கத்தில் பாய் பின்னிக்கொண்டிருந்தார். எனக்கு விளங்கியதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் வீட்டிலும் நாளைக்கு ஒரு பிள்ளை இப்படி ஒரு படிவத்தை நீட்டலாம்.

முதலில் அளவைப் பார்ப்போம். நனோ என்பது உரத்தின் பெயருமல்ல, மருந்தின் பெயருமல்ல. அது ஓர் அளவு. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். எமது தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். 'மைக்ரோ' என்பதைத்தான் தமிழில் நுண் என்கிறோம். அதையும் ஆயிரமாகப் பிரித்தால்தான் நனோ. (நுண்கடன் என்ற சொல்லில் உள்ள 'நுண்' சிறியது என்று நம்பிக் கையெழுத்து வைத்தவர்கள் எம்மில் பலர். இந்த நுண் அப்படியல்ல, உண்மையிலேயே சிறியது.)

இவ்வளவு சிறியதை நாம் எங்கே பார்க்கப் போகிறோம் என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே பார்த்துவிட்டோம். கொவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்களே, அந்தச் சோதனைக் கீற்றில் வந்த சிவப்புக் கோடு நினைவிருக்கிறதா? பிள்ளை உண்டாகியிருக்கிறதா என்று பார்க்கும் கீற்றிலும் அதே மாதிரிக் கோடு வரும். இவற்றில் பெரும்பாலானவற்றில் அந்தச் சிவப்பைத் தருவது தங்கம். சுமார் 40 நனோமீற்றர் அளவான தங்கத் துணிக்கைகள். தங்கம் மஞ்சளாகத்தானே இருக்கும் என்று கேட்பீர்கள். துண்டாக இருக்கும்போது மஞ்சள்தான். இவ்வளவு சிறிதாக்கினால் அதற்குள் இருக்கும் இலத்திரன்கள் ஒளி பட்டவுடன் ஒன்றாக ஊசலாடிப் பச்சை நிறத்தை விழுங்கிவிடும். மிச்சமாக எமது கண்ணுக்கு வருவது சிவப்பு. 1857 ஆம் ஆண்டிலேயே மைக்கல் பரடே என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இந்தச் சிவப்புத் தங்கக் கரைசலைச் செய்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இதைச் சொன்னவுடன் உம்மா பின்னுவதை நிறுத்திவிட்டு, "அப்ப அந்தக் குச்சியெல்லாம் வீசினது பிழையா?" என்று கேட்டார். மூவரும் சிரித்தோம். கவலைப்பட வேண்டாம். ஒரு கீற்றில் இருக்கும் தங்கம் அவ்வளவு சொற்பம். ஒரு பவுண் சேர்ப்பதென்றால் இலட்சக்கணக்கான கீற்றுகள் வேண்டும். ஈட்டில் இருக்கும் நகையை மீட்க இது வழியல்ல.

இனித்தான் மகள் படிக்க விரும்பும் விடயம் வருகிறது. சோதனைக் கீற்றில் தங்கத் துணிக்கைகள் ஓர் ஒழுங்கில் இல்லை. அவற்றைப் பிடித்துவைக்கும் பொருள் கோடாகப் பூசப்பட்டிருப்பதால் அவை அந்தக் கோட்டில் வந்து கும்பலாக நிற்கின்றன. ஆனால் ஒவ்வொரு துணிக்கையும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம இடைவெளியில், பாயில் போட்ட பூப்போல நிற்க வேண்டுமென்றால் என்ன செய்வது? பாயில் ஒவ்வொரு பன்னையும் எமது விரல் வைக்கிறது. இங்கே விரல் போகாது, ஊசி போகாது, எந்தச் சாவணமும் போகாது. ஆகவே விஞ்ஞானிகள் வேறொரு வழியை எடுத்தார்கள். பொருளே தன்னைத்தான் ஒழுங்குபடுத்திக்கொள்ளும்படி விட்டுவிடுவது. அந்த வேலையைச் செய்வது பல்பகுதியம் எனப்படும் நீளச் சங்கிலி மூலக்கூறு.

பல்பகுதியம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பொலித்தீன் பை ஒரு பல்பகுதியம். 2017 இல் தடைசெய்த ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி பொலிஸ்ரைரீன் என்ற பல்பகுதியம். கொவிட் காலத்தில் வங்கிக் கருமபீடங்களில் கண்ணாடிபோல மாட்டிய பிளாஸ்டிக் தகடு இன்னொரு பல்பகுதியம். இந்த இரண்டு இனத்துச் சங்கிலிகளும் ஒன்றோடொன்று சேராதவை. உருக்கிக் கலந்தாலும் எண்ணெயும் தண்ணீரும்போல விலகிப் போகும். இப்போது ஓர் இனத்துச் சங்கிலியின் நுனியையும் மற்ற இனத்துச் சங்கிலியின் நுனியையும் இரசாயன முறையில் முடிச்சுப் போட்டுவிட்டால் என்ன நடக்கும்? பிரியவும் வேண்டும், பிரியவும் முடியாது. தன் இனத்தைத் தேடிப் போகும். ஆனால் முடிச்சு இழுப்பதால் தன் சங்கிலியின் நீளத்துக்கு மேல் போக முடியாது. கடைசியில் இது ஒரு வரி, அது ஒரு வரி, மறுபடி இது ஒரு வரி என்று அடுக்காக நிற்கும்.

பிட்டுக் குழலைப் பாருங்கள். மா ஒரு அடுக்கு, தேங்காய்ப்பூ ஒரு அடுக்கு. அதேதான். வித்தியாசம் என்னவென்றால், பிட்டில் அடுக்குவது எமது கை. இங்கே அடுக்குவது அந்த இழுபறி. ஒவ்வொரு அடுக்கும் பெரும்பாலும் பத்து முதல் ஐம்பது நனோமீற்றர்வரை. எங்கள் கரையோரத்தில் தமிழரையும் முஸ்லிம்களையும் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். விலகவும் முடியாமல் கலக்கவும் முடியாமல் அருகருகே நிற்பது எப்படி என்று எமக்கு யாரும் இரசாயனவியல் கற்பிக்கத் தேவையில்லை.

இரண்டு சங்கிலிகளும் சம நீளமாக இருந்தால் அடுக்கு வரும். ஒன்றைக் குட்டையாக்கினால் அது தூண்தூணாக நிற்கும். இன்னும் குட்டையாக்கினால் நெட்டையானதன் நடுவில் உருண்டை உருண்டையாக, தேன்கூட்டின் அறைகள்போன்ற ஒழுங்கில் வந்து குந்திக்கொள்ளும். எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை மட்டும் மனிதர் தீர்மானிக்கிறார்கள். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

உலோகம் எங்கே வருகிறது? இரண்டு பகுதிகளில் ஒன்று தங்க உப்பை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுடையதாக இருந்தால், தங்கம் அந்த உருண்டைகளுக்குள் மட்டும் போய்ச் சேரும். அதை ஒரு கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாகப் படியவிட்டு, பிறகு பல்பகுதியத்தை எரித்து நீக்கிவிட்டால், உருண்டை இருந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு தங்கப் புள்ளி மிஞ்சும். சட்டம் கழற்றிய பின் நிற்கும் சீமெந்துக் கல்லைப்போல. இன்னொரு முறையில் ஒரு பகுதியைப் புறவூதா ஒளியால் சிதைத்து, வினாகிரியில் இருக்கும் அதே அசற்றிக் அமிலத்தால் கழுவி எடுப்பார்கள். விழுந்த பள்ளங்களில் உலோகத்தை நிரப்புவார்கள்.

"சரி மிஸ், புள்ளி வெச்சாச்சி. என்னத்துக்கு?" இது உம்மாவின் கேள்வி. எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

மகள் சொன்ன உதாரணம் என்னை மிகவும் கவர்ந்தது. ஜேர்மனியில் ஜொவாக்கிம் ஸ்பாட்ஸ் என்பவரின் ஆய்வுக்குழு இப்படிப்பட்ட தங்கப் புள்ளித் தகடுகளைச் செய்து, அவற்றின்மேல் உயிருள்ள கலங்களை விட்டுப் பார்த்தது. உடலுக்குள் கலங்கள் ஒட்டிக்கொள்ள உதவும் ஒரு சிறு மூலக்கூறை ஒவ்வொரு புள்ளியிலும் கட்டினார்கள். புள்ளிகளுக்கிடையில் 58 நனோமீற்றர் அல்லது அதற்குக் குறைவான இடைவெளி இருந்தபோது கலங்கள் நன்றாக ஒட்டிப் பரவின. 73 நனோமீற்றர் ஆனவுடன் ஒட்டத் தயங்கின. 2004 இல் வெளியான ஆய்வு இது. பதினைந்து நனோமீற்றர் வித்தியாசத்தை ஒரு கலம் உணர்கிறது! உடலுக்குள் வைக்கும் எலும்புத் தகட்டில், செயற்கை மூட்டில் சதை பிடிக்குமா பிடிக்காதா என்பதில் மேற்பரப்பின் அமைப்புக்கும் பங்கு உண்டு என்று ஆராய்பவர்களுக்கு இது பெரிய விடயம். எமது குழுவில் காலில் தகடு வைத்த சகோதரிகள் இருவர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாளைக்கே இதனால் பயன் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். இது இன்னமும் ஆய்வுகூடத்து அறிவு. ஆனால் ஏன் இதை ஒருவர் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அன்று எனக்குப் பாதிப் பதில் கிடைத்தது.

எமக்குக் கிட்டத்திலும் இந்த வேலை நடக்கிறது. பெங்களூரில் ஜவஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆய்வு நிலையத்தில் கிரிதர் குல்கர்னி என்பவரின் குழு 2014 அளவில் ஒரு மலிவான முறையை வெளியிட்டது. கச்சான் வெயிலில் குளம் வற்றி அடிமண் வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வெடிப்பு இன்னொன்றோடு சேர்ந்து, எங்கும் அறுந்துபோகாத வலையாகக் கிடக்கும். அவர்கள் ஒருவகைப் பல்பகுதியக் குழம்பைக் கண்ணாடியில் பூசிக் காயவிட்டார்கள். அது அதே மாதிரி வெடித்தது. அந்த வெடிப்புகளுக்குள் உலோகத்தைப் படியவிட்டுப் பல்பகுதியத்தைக் கழுவினார்கள். மிஞ்சியது கண்ணுக்குத் தெரியாத உலோக வலை. கண்ணாடியினூடாகப் பார்க்கலாம், மின்சாரமும் பாய்ச்சலாம். அந்த வெடிப்புகளின் அகலம் நனோ அல்ல, மைக்ரோ அளவு. அதில் நான் பொய் சொல்லக் கூடாது. ஆனால் வழி ஒன்றுதான்: கோட்டை மனிதர் கீறவில்லை, பொருளே கீறியது. தொடுதிரை, சூரியக் கலம், பனிப்புகார் படியாமல் சூடாக்கும் கண்ணாடி என்று பயன்கள் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட கண்ணாடிகளுக்கு வழமையாகப் பூசும் இந்தியம் என்ற உலோகம் அரிதானது. அதற்கு மாற்றாகவே இதைத் தேடினார்கள். வெடித்த மண்ணைப் பார்த்தால் எமக்கு வயிறு பற்றும். அதைப் பார்த்து ஒருவருக்கு இப்படி யோசனை வந்திருக்கிறது என்பதை நினைத்து நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

அதே குல்கர்னியிடம் ஆய்வு மாணவியாக இருந்தவர் ராதா போயா. பலேடியம் முதலிய உலோகங்களில் நுண்ணிய கோடுகளை வார்க்கும் ஆய்வில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவில் நோர்த்வெஸ்ரேர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மேர்க்கின் என்பவரின் குழுவில் சேர்ந்தார். மேலே சொன்ன இரட்டைச் சங்கிலிப் பல்பகுதியத்தை மைபோலத் தொட்டு, மிக நுண்ணிய பேனா முனைகளால் துளித்துளியாக வைத்து, ஒவ்வொரு துளியிலும் ஒரேயொரு உலோகத் துணிக்கையை வளர்க்கும் முறையை 2010 இல் வெளியிட்ட குழு அது. அங்கிருந்து இங்கிலாந்தின் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்துக்குப் போய், இன்று பேராசிரியராக இருக்கிறார். 2018 இல் பெண் விஞ்ஞானிகளுக்கான லொரியல்-யுனெஸ்கோ சர்வதேச இளம் திறமையாளர்களில் ஒருவராகத் தெரிவானார். மகளின் கைத்தொலைபேசியில் அவருடைய படம் இருந்தது. உம்மா அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இலங்கையிலும் 2008 இல் நனோ தொழில்நுட்பத்துக்கென ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது, ஹோமாகமவில் இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் பேராசிரியை நில்வலா கோட்டேகொட உள்ளிட்ட குழு, யூரியாவை மெதுமெதுவாக விடும் நனோ உரம் பற்றி 2017 இல் ஆய்வு வெளியிட்டது. 2021 இல் வந்த திரவம் வேறு, இது வேறு. நெல்லில் பாதியளவு யூரியாவோடு பரிசோதித்தார்கள். இதை உம்மாவுக்குச் சொன்னபோது, "அப்ப அதத் தந்திருக்கலாமே" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். மகள் ஒரு படத்தைக் காட்டினாள். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எடுத்த படம், கைரேகைபோல வரிவரியாக இருந்தது. உம்மா கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, விரலை ஓரிடத்தில் வைத்தார்.

"இதில பிழ ஒண்டு கிடக்கே."

பார்த்தால் உண்மைதான். ஒரு வரி நடுவில் அறுந்து பக்கத்து வரியோடு போய்ச் சேர்ந்திருந்தது. மகள் வாயைப் பிளந்துவிட்டாள். ஏனென்றால் இந்தத் துறையின் மிகப்பெரிய தலையிடியே அதுதான். யாரும் அடுக்காமல் தானாக அடுக்குவதால் ஒவ்வொரு மூலையும் தன்தன் திசையில் அடுக்கத் தொடங்கும். இரண்டு திசைகள் சந்திக்கும் இடத்தில் பிழை விழும். கணினிச் சில்லுச் செய்பவர்கள் இருபது வருடங்களுக்கு மேலாக இந்த முறையை விரும்பியும் அஞ்சியும் பார்த்துவருவதற்கு இதுவே காரணம். கோடிக்கணக்கான கோடுகளில் சில பிழைத்தாலே சில்லு பழுது.

"பிழ வந்தா கழட்டிப் பின்னலாமே?" என்று உம்மா கேட்டார். ஏறத்தாழ அதைத்தான் செய்கிறார்கள். படலத்தை மெல்லச் சூடாக்கி வைத்திருந்தால், அல்லது கரைப்பான் ஆவியில் வைத்தால், சங்கிலிகள் இளகி அசைந்து பிழையைத் தாமே திருத்திக்கொள்ளும். முழுவதும் திருந்தாது. ஆகவே அடித்தளத்தில் முன்கூட்டியே வழிகாட்டிக் கோடுகளைப் போட்டு, அதன்மேல் அடுக்கவிடும் முறையும் உண்டு. அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் 2003 இல் இதை நன்றாகச் செய்து காட்டினார்கள். பாய்க்கு முதல் வரி நேராக அமைந்தால் மற்றவை நேராக வரும் என்று உம்மா எமது இளம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு ஞாபகம் வந்தது.

இனி, வேலை. இதை மறைத்து எழுதினால் இந்தப் பக்கத்துக்கு அர்த்தமில்லை. இந்த வேலைக்கென்று எமது கரையோரத்தில் ஒரு தொழிற்சாலையும் இல்லை. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் முடித்தாலும் மகள் பாடசாலையில் இரசாயனவியல் ஆசிரியையாகவே வரலாம், அல்லது ஏதாவது ஓர் ஆய்வுகூடத்தில் தரப் பரிசோதனை செய்யலாம். ஆனால் மேற்படிப்புக்கும் பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்கும் வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கச் சிறப்புப் பட்டம் உள்ள பிள்ளைக்கு வழி அதிகம். அந்த ஒரு வருடத்தின் விலை என்ன என்று மூவரும் கொப்பியில் எழுதிப் பார்த்தோம். தங்குமிடம், போக்குவரத்து, சாப்பாடு, ஒரு பக்கம். மகாபொல, பாய்க் காசு, மகள் விடுமுறையில் எடுக்கும் ரியூசன், மறு பக்கம். துண்டு விழுந்தது. அதற்கு நுண்கடன் எடுப்பதில்லை என்று மட்டும் உம்மா முதலிலேயே முடிவாகச் சொல்லிவிட்டார். நான் அதற்கு ஒரு சொல்லும் மறுப்புச் சொல்லவில்லை. எமது குழுவின் சேமிப்பிலிருந்து வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுக்கலாமா என்பதை இந்த மாதக் கூட்டத்தில் சகோதரிகள் முன் வைக்கப்போகிறேன். உங்கள் குழுக்களில் பிள்ளைகளின் படிப்புக்கு இப்படிச் செய்திருந்தால் எப்படித் திருப்பி எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

படிவம் கொடுக்கும் கடைசி நாளுக்கு முதல்நாள் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. நான்கு வருடம் என்ற கட்டத்தில் அடையாளமிட்டாளாம். உம்மா பக்கத்தில் நின்று போனை வாங்கினார்.

"மிஸ், ஒண்டு கேக்கணும் எண்டிருந்தன். அவ்வளவு சின்னதில எத்தின பிழ எண்டு ஆரு, எப்பிடி எண்ணுற? அதக் கேட்டுட்டு வரச் சொல்லி இவக்கிட்டச் சொல்லியிருக்கன்."